பழவேற்காடு: கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள்

பழவேற்காட்டுக்கு ஒருநாள் பயணமாகச் சென்று வந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: டச்சுக்காரர் கல்லறை. வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், அவற்றின் முன் நின்று எடுத்துக்கொண்ட படம், பிறகு ஏரிக்கரையில் சிறிது நேரம், பொழுதிருந்தால் இறால் வறுவல். நானூறு ஆண்டு வரலாற்றை நாம் செரித்துக்கொள்ளும் முறை இது. இதில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம். ஓர் ஊருக்குச் சென்று அங்கே இறந்தவர்களை மட்டும், அவர்களிலும் அயல்நாட்டிலிருந்து வந்து இறந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது, வாழ்கிறவர்களை அவமதிப்பதாகாவிட்டாலும், நம் மொழியின் சோம்பலைக் காட்டிக்கொடுக்கிறது.

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் இருக்கும் எங்களுக்குப் பழவேற்காடு தொலைவான ஊரன்று. இரண்டும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். ஒன்று மேற்கு எல்லை, மற்றது கிழக்கு எல்லை. இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இங்கே மலையும் மலைக்கோயிலும். அங்கே உப்பங்கழியும் கடலும். ஆயினும் இவ்விரண்டையும் நீர் இணைத்திருக்கிறது. ஆந்திர எல்லைக் குன்றுகளிலிருந்து இறங்கும் ஆரணியாறு பொன்னேரி வழியாகச் சென்று பழவேற்காட்டு ஏரியில்தான் கலக்கிறது. எங்கள் பக்கத்துக் கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தொட்டு எண்ணூர்க் கழிமுகம் சேர்கிறது. எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் கோத்து வைத்திருக்கிறது. எங்கள் மழைநீர் ஆண்டுதோறும் போய்வரும் ஊருக்கு எங்கள் மாணவர்களில் மிகச் சிலரே போயிருக்கிறார்கள்.

சென்ற தை மாதத்து விடுமுறை நாளொன்றில், தமிழ் கற்பிக்கும் நாங்கள் மூவர் விடியலில் புறப்பட்டுத் திருவள்ளூர் வழியாகப் பொன்னேரி சேர்ந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் பழவேற்காடு சென்று இறங்கினோம். எந்த வழிகாட்டியும் வேண்டாம், நடந்தே பார்ப்பது என்று முடிவு. ஊரை நடந்து பார்க்க ஒரு பகற்பொழுது போதும்.

முதலில் அமைப்பைச் சொல்லவேண்டும். பழவேற்காட்டைத் தீவு என்று சொல்லிவிட முடியாது. தரைவழிச் சாலை ஊருக்குள் வருகிறது. ஆனால் ஊருக்கும் கடலுக்கும் இடையே ஏரி கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே மெலிந்த மணல்திட்டு. ஊரிலிருந்து பாலம் கடந்தால் கலங்கரை விளக்கமும் மீனவக் குப்பங்களும் உள்ள அந்தத் திட்டை அடையலாம். அங்கே நின்றால் மேற்கே ஏரி, கிழக்கே கடல், வடக்கே இரண்டும் சந்திக்கும் முகத்துவாரம். அதற்கு வடக்கே ஆந்திரத்தில் நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிக்கோட்டா. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்த வரலாற்றைச் சொல்லக்கேட்டு வளர்ந்த எங்களுக்கு எல்லைக்கோடு என்பது என்னவென்று தெரியும். நிலத்தில் கல் நட்டு எல்லை வகுத்துவிடலாம். மீனுக்கும் இறாலுக்கும் அந்தக் கல் தெரிவதில்லை.

கல்லறைக்கும் சென்றோம். செல்லாமல் இருக்கவேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள அவ்விடத்தில் கூம்பு வடிவிலும் மாடம் போலவும் எழுப்பிய கல்லறைகள் இருக்கின்றன. டச்சு மொழி வாசகங்களும் குடும்பச் சின்னங்களும் செதுக்கிய கற்பலகைகள் பதினேழாம் நூற்றாண்டின் கைவேலை குன்றாமல் கிடக்கின்றன. வாயில் எலும்புக்கூடுகளில் ஒன்றிடம் மணற்கடிகை இருக்கிறது. உன் பொழுதும் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று வருகிறவனுக்குச் சொல்லும் ஐரோப்பிய மரபு அது. நிலையாமையைப் பாடுவதில் நம் மரபும் குறைந்ததன்று என்பதால் தமிழாசிரியர்களாகிய எங்களுக்கு அந்த எலும்புக்கூடுகள் வியப்பளிக்கவில்லை. அறிமுகமானவர்களைப் போலத்தான் நின்றன.

எங்கள் கேள்வி வேறு. இந்தக் கல்லறைகளுக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது?

1610இல், இரண்டாம் வேங்கடபதி என்னும் விஜயநகர அரசரின் இசைவோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கினர். 1613இல் கோட்டை எழுந்தது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடம் பழவேற்காடுதான். 1611இல் குளோப் என்னும் ஆங்கிலக் கப்பல் வணிகம் செய்ய வந்தபோது டச்சுக்காரர் இடங்கொடாமல் திருப்பி அனுப்பினர். ஆங்கிலேயர் பின்னாளில் வடக்கே ஆர்மகானில் சில ஆண்டுகள் கழித்துவிட்டு, 1639இல் தெற்கே மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றனர். பழவேற்காட்டின் கதவு அன்று திறந்திருந்தால் சென்னையின் கதை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு. 1825இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு. அகழியின் தடம் தெரிகிறது, அவ்வளவே.

இத்தனை போட்டியும் எதற்கு? துணிக்கு. ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் மொலுக்கஸ் தீவுகளில் வெள்ளியைவிடச் சோழமண்டலத்துத் துணிக்கு மதிப்பு மிகுதி. துணியைக் கொடுத்து நறுமணப்பொருளை வாங்கி ஐரோப்பாவில் விற்பதே டச்சுக் கம்பெனியின் கணக்கு. அந்தத் துணி பழவேற்காட்டில் மட்டும் நெய்யப்பட்டதன்று. உள்நாட்டு ஊர்களின் தறிகளிலிருந்து இடைத்தரகர் வழியாகத் துறைக்கு வந்து சேர்ந்தது. இன்றும் பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியோசை கேட்டபடி பேருந்தில் செல்கிற எங்களுக்கு இந்த வரலாறு வெறும் செய்தியாக இருக்க முடியவில்லை. கல்லறையில் கிடக்கும் ஆளுநருக்கும் வணிகருக்கும் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் கல்லில் இருக்கின்றன. துணி நெய்தவனுக்குப் பெயரில்லை.

பெயரில்லாத இன்னொரு கூட்டமும் உண்டு. பஞ்சக் காலங்களிலும் போர்க் காலங்களிலும் விற்கப்பட்ட மனிதர்கள் இந்தத் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். வங்கக் கடலின் வடகரையில் பிடிபட்டவர்களும் இவ்வழியே கொண்டுசெல்லப்பட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இப்படி ஆயிரக்கணக்கானோர் படேவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அடிமைகளாகச் சென்றனர். 1621இல் பண்டா தீவுகளின் மக்களை டச்சுப் படை ஏறத்தாழ முற்றாக அழித்தும் துரத்தியும் விட்ட பின்னர், அங்கே ஜாதிக்காய்த் தோட்டங்களில் உழைக்க ஆள் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். துணியும் மனிதனும் ஒரே துறையில், ஒரே கணக்குப்புத்தகத்தில் ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த ஊரில் ஒரு நடுகல் எங்கள் கண்ணில் படவில்லை. போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அதைப் பாடலாகவும் இலக்கணமாகவும் ஆக்கிய மொழி நம்முடையது.

இவ்விடத்தில் இலக்கிய வாசகர்கள் அறியவேண்டிய ஒரு செய்தி. 1630களில் பழவேற்காட்டுக் கோட்டையில் ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்னும் டச்சுப் பாதிரியார் பணியாற்றினார். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து இந்நாட்டுச் சமய வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்த பின்னர் 1651இல் அது லெய்டனில் அச்சாயிற்று. நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மறைந்துகிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு’ என்று வரும். அந்நூலின் இறுதியில் பர்த்ருஹரியின் சதகங்களிலிருந்து எடுத்த நீதிமொழிகள் டச்சு மொழியில் தரப்பட்டுள்ளன. வில்லியம் ஜோன்ஸின் சாகுந்தல மொழிபெயர்ப்பு வந்தது 1789இல். அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே வடமொழிக் கவிதை ஐரோப்பிய அச்சில் ஏறியது இந்த உப்பங்கழிக் கரையில் நடந்த உரையாடலின் பயனாக. உலக இலக்கிய வரலாற்றில் இடம்பெறவேண்டிய ஊர் என்று பழவேற்காட்டைச் சொன்னால் அது மிகையன்று. நம் பாடநூல்களில் இந்தச் செய்தியைத் தேடிப்பாருங்கள்.

புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப் பிள்ளை கிடைத்தார். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இருந்ததால்தான் பிரபஞ்சனால் ‘மானுடம் வெல்லும்’ எழுத முடிந்தது. தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்தார், அச்சுக்கூடம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. அவ்வூர் தமிழ் அச்சு வரலாற்றில் நிலைத்துவிட்டது. பழவேற்காட்டுக்கு அப்படியொரு தமிழ்ச் சாட்சி வாய்க்கவில்லை. அதன் நினைவு டச்சு ஆவணங்களில் இருக்கிறது. பெரும்பகுதி ஹேக் நகரத்து ஆவணக்காப்பகத்தில்; ஒரு பகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில். எழும்பூர் நமக்கு எட்டாத தொலைவா? தமிழ் முதுகலை பயின்றவர்களில் டச்சு கற்ற இருவர் மூவர் இருந்தால் போதும், ஒரு நூற்றாண்டின் வாயைத் திறந்துவிடலாம். பல்கலைக்கழகங்கள் செய்யும் எத்தனையோ திட்டங்களைவிட இது செலவு குறைந்தது.

மீண்டும் தெருவுக்கு வருவோம். கல்லறையைத் தாண்டி ஊருக்குள் நடந்தால் வேறொரு பழவேற்காடு தெரிகிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் செம்புரைக்கல் சுவரில் இராமாயணக் காட்சிகள் விரலளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன; கடற்காற்று அரித்தும் மிஞ்சியவை. முஸ்லிம் தெருக்களில் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த முன்னோரைப் பற்றிய வாய்மொழி வரலாறு இன்றும் வழங்குகிறது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைத்த சூரியக் கடிகை இருக்கிறது. கல்லறை வாயிலில் மணற்கடிகை, பள்ளிவாசலில் சூரியக் கடிகை. ஒன்று பொழுது தீர்ந்துவிட்டது என்கிறது. மற்றது அடுத்த வேளைக்கு எழுப்பிவிடுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் முதற்கடிகையோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் கைவேலை அது. “சமாதி பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார். ஊரைப் பார்க்க வந்தோம் என்றோம். “ஊர்ல என்ன இருக்குது வாத்தியாரே, எல்லாரும் சமாதியப் பாத்துட்டுதான் போறாங்க” என்று சிரித்துக்கொண்டே சாயமேற்றிய ஓலையை எடுத்து அடுத்த மடிப்பைத் தொடங்கினார். விரல்கள் நிற்கவில்லை. சாயமோலையும் வெள்ளோலையும் மாறிமாறி ஓடும் அந்தக் கட்டத்தில் எத்தனை இழை என்று கேட்டதற்கு, எண்ணினால் தப்பிவிடும் என்றார்.

ஏரிக்கரையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சொல்: ‘பாடு’. உழைப்பு, துன்பம் என்று வகுப்பறையில் பொருள் சொல்கிறோம். பட்டபாடு, பெரும்பாடு, வயிற்றுப்பாடு என்று எடுத்துக்காட்டுத் தருகிறோம். பழவேற்காட்டில் பாடு என்பது மீன்பிடி உரிமை. முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் இறால் வரும் இடங்களை வகுத்து, யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்று குடும்பங்களுக்கிடையே முறைவைத்துக் குலுக்கல் மூலம் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இம்முறையைத் தலைமுறைகளாகக் காத்துவருகின்றன. நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. இன்று எனக்கு, நாளை உனக்கு. கோட்டை மண்மேடாகிவிட்டது. கோட்டையின் பெயரைத் தாங்கிய குப்பத்தில் பாட்டுமுறை இருக்கிறது. எது நினைவுச்சின்னம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைப் பொற்கால ஏற்பாடாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. பாட்டுரிமை பட்டினவர் சமூகத்துக்கு உரியது. இருளர், ஏனாதியர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொள்வோர் அவர்கள். ஏரி சுருங்கச் சுருங்க இந்த உரிமைப் பூசல் கூர்மையடைகிறது. மழைக்குப் பின் நீர்வரத்துக் குறையும்போது முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடுகிறது. கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறாலும் வருவதில்லை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம் கரை அரிப்பைப் பெருக்கும் என்று மீனவர் எதிர்த்துவந்திருக்கிறார்கள். வடக்கே ஸ்ரீஹரிக்கோட்டாவில் 1971இல் முதல் ஏவூர்தி எழுந்தது. அத்தீவில் வாழ்ந்தவர்கள் ஏவுதளத்துக்காக இடம்பெயர்ந்தனர். ஏவும் நாள்களில் மீனவர் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வரும். இரண்டு பெருந்திட்டப் பரப்புகளுக்கு நடுவே, ஆழம் குறைந்துவரும் நீரில், ஒரு சமூகம் தன் ‘பாட்டை’க் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. நாவல் எழுத இதைவிட என்ன வேண்டும்?

தமிழில் கடல் நாவல் என்றதும் நம் நாவில் வரும் பெயர்கள் எவை? வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’, ‘கொற்கை’. யாவும் சிறந்தவை, யாவும் தென்கரை. வடகரையின் இந்த ஏரியும் குப்பங்களும் அந்த வரிசையில் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால், இதே ஏரியின் தீவுக் கிராமங்களைத் தெலுங்கில் ச.வெம். ரமேஷ் ‘பிரளயகாவேரி கதைகள்’ என்று எழுதியிருக்கிறார். பிரளயகாவேரி என்பது இவ்வேரிக்குத் தெலுங்கில் வழங்கும் பெயர். அவர் எழுதியது அக்கரைவாழ் மக்களின் உணவையும் விளையாட்டையும் பறவைகளையும் அவர்கள் பேச்சுமொழியிலேயே. ஒரே நீர், அக்கரையில் இலக்கியமாயிற்று, இக்கரையில் சுற்றுலாத்தலமாக நின்றது. எல்லையோரத்தில் இரு மொழியும் காதில் விழ வாழ்கிற எங்களுக்கு இது உறுத்துகிறது. ஐந்திணையில் நெய்தலுக்கு இடம் வகுத்து, இரங்கலை அதன் உரிப்பொருளாக்கிய மரபு நம்முடையது. தேர்வில் அதற்கு மதிப்பெண் போடுகிறோம். நெய்தல் நிலத்து மனிதன் இரங்கும் காரணம் மாறிவிட்டதை அறியாமலே போடுகிறோம்.

ஒருநாள் நடந்துவிட்டு வந்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒருநாள் பயணி எழுதும் நாவல் பொய்யாகத்தான் இருக்கும். பழவேற்காட்டின் நாவலை எழுதவேண்டியவர் அந்தக் குப்பத்திலோ ஓலை முடையும் தெருவிலோ பிறந்தவர்தாம். ஆயினும் அவர் எழுத வருவதற்கு முன், தம் ஊர் எழுதத்தக்கது என்று யாரேனும் அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். பொன்னேரியிலும் திருத்தணியிலும் கல்லூரிகளில் முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வருகிற பிள்ளைகள் தம் ஊர்ச் சொல்லை வகுப்பில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ‘பாடு’ என்பதற்கு அகராதியில் இல்லாத பொருளை ஒரு மாணவி சொல்லும்போது அதைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது ஆசிரியரின் வேலை. அங்கிருந்துதான் அவளுடைய எழுத்து தொடங்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. டச்சுக் கல்லறையையும் ஆவணங்களையும் படிக்கச் சொல்வது காலனிய மோகம் ஆகாதா? ஆகாது. சுரண்டியவனின் கணக்குப்புத்தகத்தில்தான் சுரண்டப்பட்டவனின் தடம் எஞ்சியிருக்கிறது. எத்தனை பொதி துணி, எத்தனை ஆள் என்று எழுதிவைத்தவன் அவன்தான். அந்த வரிகளை நம் மொழிக்குக் கொண்டுவருவது அவனைப் போற்றுவதற்காக அன்று. அவன் எழுதாமல் விட்ட பெயர்களை ஊகிக்கவாவது நமக்கு இடம் வேண்டும் என்பதற்காக.

எனவே வாசகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. பழவேற்காட்டுக்குச் செல்லுங்கள். பூநாரைகளைக் காணக் கார்த்திகைக்குப் பின் போவது நன்று. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நினைவில் வைத்துக்கொண்டு கரையோடு நடந்தே பாருங்கள். கல்லறையில் அரைமணி நேரம் நில்லுங்கள், போதும். பிறகு கோட்டை மேட்டைச் சுற்றுங்கள், கோயில் சுவரைப் பாருங்கள், ஓலை முடைகிறவரிடம் ஒரு பெட்டியை விலை பேசாமல் வாங்குங்கள், பாலம் கடந்து குப்பத்துக்குப் போய்ப் பாட்டுமுறை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். நேரம் கொடுத்தால் சொல்லுவார்கள். சொன்னதை அவர்கள் சொல்லிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். ஆசிரியராக இருந்தால் அடுத்த நாள் வகுப்பில் அதைப் படித்துக்காட்டுங்கள். நெய்தல் திணைப் பாடம் நடக்கும் வாரமாக அது இருந்தால் இன்னும் நல்லது.